உச்சரித்து வைப்பதா, பரிச்சயத்தை நம்புவதா: 2-பேக் சோதனைக்கு இரு கணினி மாதிரிகள்

1958இல் வேயின் கிர்ச்னர் வகுத்த, குறுகியகால நினைவைச் சோதிக்கும் என்-பேக் சோதனையின் 2-பேக் வடிவத்தில், இப்போது கேட்ட பெயர் இரண்டு இடம் முன்னால் வந்ததுதானா என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். கொழும்புத் தமிழரிடம் நடத்துவதற்கு ஊர்ப்பெயர்களே போதும். வெள்ளவத்தை, கோட்டை, வெள்ளவத்தை என்றால் விடை 'ஆம்'. கோட்டை, மருதானை, பொரளை, கோட்டை என்றால், கோட்டை சற்றுமுன் கேட்ட பெயரேயானாலும், 'இல்லை'. பின்னையது தவறவைக்க வைத்த பொறி.

மனிதர் இதை எந்த உத்தியால் செய்கிறார்கள் என்பதே கேள்வி. கடைசி இரு பெயர்களையும் மனத்துக்குள் உச்சரித்தபடி, புதியது வந்ததும் பழையதைக் கழிப்பது ஒரு வழி. எதையும் உச்சரிக்காமல், பெயர் எவ்வளவு பரிச்சயமாகத் தோன்றுகிறது என்பதை வைத்தே விடை சொல்வது மற்றது. இரண்டையும் மனித நினைவையும் சிந்தனையையும் கணினியில் போலச்செய்யும், ஜோன் அண்டர்சனின் ஆக்ட்-ஆர் கட்டமைப்பில் எழுதலாம். மொத்தச் சரிவிடைகளின் வீதத்துக்கு இரண்டையுமே பொருத்திவிடலாம் என்பதால், அந்த வீதத்தைக் காட்டி எந்த மாதிரி வென்றது என்று வாதிடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

பரிச்சய மாதிரியில்தான் சுவையான கணக்கு இருக்கிறது. ஒருமுறை மட்டும் கேட்ட பெயரின் கிளர்வு, அதாவது அது நினைவில் எவ்வளவு வலுவாக நிற்கிறது என்பதன் அளவு, கழிந்த நேரத்தின் இயற்கை மடக்கையில் பாதியளவு தாழ்கிறது (வழக்கமான தேய்வு மதிப்பு 0.5). ஆகவே இரண்டு இடம் முன்னால் வந்த பெயருக்கும் மூன்று இடம் முன்னால் வந்த பெயருக்கும் உள்ள வேறுபாடு 1.5இன் மடக்கையில் பாதி, ஏறத்தாழ 0.2, மாதிரி சேர்க்கும் தற்செயல் இரைச்சல் இதை எளிதில் விழுங்கிவிடும். பெயர்களை மெதுவாக ஒலிக்கவிட்டாலும் நேரங்களின் விகிதம் மாறாததால் அந்த 0.2 அப்படியே நிற்கிறது.

உச்சரிப்பு மாதிரியோ வேகத்தைக் குறைத்தால் தேறும், நீண்ட பெயர்கள் விரைந்து வந்தால் தடுமாறும். ஏறத்தாழ இரண்டு விநாடிகளில் உச்சரிக்கக்கூடிய அளவையே மனிதர் நினைவில் வைக்கிறார்கள் என்று உளவியலாளர் பட்லியும் சகாக்களும் 1975இல் காட்டியது இதற்கு அடிப்படை. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கிருலப்பனை ஆகியவற்றை ஒரு வரிசையிலும், கோட்டை, பொரளை போன்றவற்றை மற்றொன்றிலும் வைக்கலாம். (குறுகிய பெயர்களுக்குத்தான் இந்நகரில் பஞ்சம்.)

உத்தியை நாம் எழுதித் தராமல் செயற்கை நரம்பு வலையமைப்பையே கற்கவிடும் மூன்றாம் வழியும் உண்டு: ஓரெய்லியும் ஃபிராங்கும் 2006இல் முன்வைத்த, எதை நினைவுக்குள் நுழையவிடுவது என்று டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் சமிக்ஞையால் பயிலும் வாயில் மாதிரி. மூளையின் இயக்கத்துக்கு அது நெருக்கமானது; ஆனால் கற்றபின் எந்த உத்தியைக் கைக்கொண்டது என்பதை அதற்குள்ளிருந்து வாசித்தெடுப்பது கடினம் என்பதால், இக்கேள்விக்கு அதை நான் தேர்ந்தெடுக்கமாட்டேன்.

முதலில் எழுத வேண்டியது பரிச்சய மாதிரியே. வேகத்தைக் குறைத்தபின் பொறிகளில் தவறு குறைந்தால், பரிச்சயம் தனியே போதாது என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் களைத்தவர் நடுவில் உத்தியை மாற்றக்கூடும். ஆதலால் குழுச் சராசரியை அல்ல, ஒவ்வொருவரின் விடைகளையும் தனித்தனியே, தொடக்கப் பகுதியையும் இறுதிப் பகுதியையும் பிரித்து, இரு மாதிரிகளோடும் பொருத்த வேண்டும்.