ஒரே பாட்டுக்கு எத்தனை தடவை காசு? பழைய கேசட் டெக், யூஎஸ்பி பிளேயர், மாதச் சந்தா: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

"மக்கா, வீட்டுல ஒரு பெட்டி கேசட் கெடக்கு. யூஎஸ்பி பிளேயரு ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் மொபைல்ல ஏத்திரலாமா, இல்ல பாட்டு ஆப்புக்கே ரூவாய கெட்டிரவா?" நாகர்கோவில் நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. கேசட் எப்படி ஓடும், சந்தா எவ்வளவு என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காகவே எழுதுகிறேன். டெக்குக்குப் புது பெல்ட் போட்டுக் கையோடு எழுதுவதால் சூடு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அந்த பெல்ட்டுக்குக் கொடுத்த காசும் இந்தக் கணக்கில்தான் ஏறுகிறது.

எரிச்சலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே சினிமாப் பாட்டுக்கு நம் வீடுகளில் குறைந்தது மூன்று தடவை காசு போயிருக்கிறது. 90களில் முப்பது, நாற்பது ரூபாய் கொடுத்துக் கேசட். அப்புறம் ஆடியோ சிடி, இல்லையென்றால் நூறு பாட்டு அடைத்த எம்பி3 சிடி. இப்போது பாட்டுச் செயலிக்கு மாதச் சந்தா. முதல் இரண்டிலும் கையில் ஒரு பொருள் மிஞ்சியது. மூன்றாவது, சொந்த வீட்டுக்கு வாடகை கொடுப்பது. சந்தாவை நிறுத்தினால் டவுன்லோடு செய்து வைத்ததும் ஓடாது. உரிமைக்காரரோடு ஒப்பந்தம் முடிந்துபோனால், காசு கட்டிக்கொண்டிருக்கும்போதே பிளேலிஸ்ட்டில் பாட்டு சாம்பல் நிறமாகி ஓடாமல் போய்விடும். "முன்பே கேசட்டாக வாங்கியிருக்கிறேன், இந்தாருங்கள் அட்டை" என்று காட்டித் தள்ளுபடி கேட்க எந்தக் கவுண்டரும் கிடையாது.

இதெல்லாம் இருந்தும், சினிமாப் பாட்டைப் பொறுத்தவரை செயலியைக் குறை சொல்ல ஒலியில் காரணம் குறைவு. இரைச்சல் இல்லை, நாடா சிக்காது, காரில் போகும்போது தேடிய பாட்டு உடனே வரும். ஒன்றுதான் உறுத்தும். கேசட்டில் கேட்டுப் பழகிய அதே ஒலிக்கலவை எல்லாப் பாட்டுக்கும் இருக்காது. மறுபதிப்பில் தாளத்தைத் தூக்கி, எதிரொலி சேர்த்து விட்டிருப்பார்கள். காது பழகியவர்களுக்கு முதல் இடையிசையிலேயே தெரிந்துவிடும்.

செயலி கைவிரிக்கும் இடம் வேறு. கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் கேசட் பெட்டியைத் திறந்தால் பாதிதான் சினிமா. மீதியில் அம்மன் கோயில் திருவிழாவான கொடையில் மைக் செட்டுக்காரர் பதிந்து கொடுத்த வில்லுப்பாட்டு இருக்கும், பங்குக் கோயில் பாடகர் குழு போட்ட பாட்டு இருக்கும், படத்தின் கதை வசன கேசட் இருக்கும், ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்த சி-90 (தொண்ணூறு நிமிடக் கேசட்) இருக்கும். இவற்றில் பலவற்றை நான்காவது தடவை காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் விற்க ஆளில்லை. டெக் வேண்டுமென்றால் இதற்காகத்தான் வேண்டும்.

இனி யூஎஸ்பி பிளேயர். வாக்மேன் அளவில், பக்கத்தில் யூஎஸ்பி துளையோடு, பல பெயர்களில் ஏறக்குறைய ஒரே இயந்திரத்தை விற்கிறார்கள். வாங்காதீர்கள். வில்லுப்பாட்டு கேசட் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று ஐந்தே நிமிடத்தில் புரியும். உள்ளே வேகத்தைச் சீராக்க வேண்டிய சக்கரமான ஃப்ளைவீல் எடை இல்லாத சின்னத் தகடு, அதனால் வேகம் நிலைக்காது. ஆர்மோனியம் இழுத்துப் பிடிக்கும் இடத்தில் சுருதி ஆடுவது அப்பட்டமாகக் கேட்கும். அடுத்தது தானியங்கி ஒலியளவு. வில்லுப்பாட்டில் தாளத்துக்கு அடிக்கும் குடத்தில் ஒரு அடி விழுந்தவுடன் சர்க்யூட் மொத்த ஒலியையும் அமுக்கிவிட்டு மெல்ல மேலே ஏற்றும். குடம் அடிக்கும்போதெல்லாம் கதை பாடும் புலவர் குரல் பின்னால் போய்த் திரும்பி வரும். இதை அணைக்கப் பெரும்பாலான மாடல்களில் வழியே கிடையாது, பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்யவும் முடியாது. சிலவற்றில் ஸ்டீரியோ என்று அட்டையில் போட்டிருந்தும் இரண்டு சானலிலும் ஒரே ஒலிதான் வரும்.

சரியான வழி, பழைய முழு அளவு டெக் ஒன்று. பின்புறம் லைன் அவுட் (ஒலியை வெளியே எடுக்கும் துளை) உள்ளதாக இருக்க வேண்டும். அதிலிருந்து ஆர்சிஏ ஒயர், லைன் இன்புட் உள்ள யூஎஸ்பி ஆடியோ பெட்டி, லேப்டாப், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகுவது பெரும்பாலும் வீண். அது மோனோ, அதாவது ஒரே சானல், மைக்குக்கான அளவில் ஒலியைப் பெருக்கி உடைத்துவிடும். பதிவு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் போதும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று அளப்பவர்களை விட்டுவிடுங்கள்: சாதாரண கேசட்டில் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் உள்ள இடைவெளி 50 டெசிபல் சொச்சம், 16 பிட் 96 டெசிபல் தருகிறது. குடத்தின் மிகப் பலமான அடி -6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். ஒரு மணி நேரக் கேசட் சுருக்காத வேவ் கோப்பாக 600 எம்பியை ஒட்டி வரும், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக்கில் பாதியை ஒட்டி. 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தால் ஒயரை மாற்றும் முன் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

மேலே சொன்னதெல்லாம் யூடியூபில் யாரும் சொல்வார்கள். இந்த டெக்கை வைத்திருப்பதில் எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு, அது நாடாவைப் படிக்கும் ஹெட்டின் பக்கத்து ஸ்குரூ. பிளே போட்டதும் ஹெட் மேலே வரும். அதன் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன ஸ்குரூதான் அசிமத், அதாவது நாடாவுக்கு ஹெட் செங்குத்தாக நிற்கிறதா என்பதை மாற்றுவது. கம்பெனி கேசட்டுகள் ஏறக்குறைய ஒரே கோணத்தில் இருக்கும். கொடையில் பதிந்ததும் ரெக்கார்டிங் கடையில் பதிந்ததும் அந்தந்த டெக்கின் கோணத்தில் இருக்கும். கோணம் மாறினால் முதலில் செத்துப்போவது கூர்மையான ஒலிகள். வில்லில் கட்டிய மணிகளைவிட நல்ல அளவுகோல் இதற்கு இல்லை. வீசுகோல் படும்போது மணிச்சத்தம் துணியைப் போர்த்தியது போல மந்தமாக இருந்தால் கோணம் தப்பு. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டனை அமுக்கிக்கொண்டு ஸ்குரூவை மிக மெதுவாக, அதிகம் போனால் கால் சுற்று, இப்படியும் அப்படியும் திருப்புங்கள். ஒரு இடத்தில் மணிகள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். அங்கே நிறுத்த வேண்டும். தொடங்கும் முன் ஸ்குரூவின் பழைய நிலையில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் கம்பெனி கேசட்டுக்கு மறுபடி திருப்பிக்கொள்ளலாம். இருபது, முப்பது வருஷம் மந்தமாகவே கேட்ட கதையில் உடுக்கையின் தோல் அதிர்வு வரை எழுந்து வரும். எந்தச் சந்தாவும் இதைத் தராது.

மோனோவாகப் பதிந்த கேசட்டில் இரண்டு சானலையும் சேர்க்க அவசரப்பட வேண்டாம். நாடாவின் விளிம்பில் சுருக்கம் விழுந்து ஒரு சானல் அடிவாங்கியிருக்கும். நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேகமும் பாருங்கள்: ஆறு சதவீதம் கூடினால் பாட்டு அரைக் கட்டை ஏறிவிடும். மூன்று சதவீதம் என்றாலே அரை மணி நேரப் பக்கத்தில் 54 விநாடி வித்தியாசம். மோட்டாரின் பின்துளையில் உள்ள திருகைத் தொடுவதைவிட, ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றுவது பத்திரம். அதன் இரைச்சல் நீக்கத்தை அளவோடு வையுங்கள். 6 டெசிபலைத் தாண்டினால் ஜால்ரா தண்ணீருக்குள் அடிப்பது மாதிரி ஆகிவிடும். எதைச் செய்தாலும் கைவைக்காத மூலப் பதிவைத் தனியே வையுங்கள்.

இந்த மாவட்டத்தில் கேசட்டுக்கு எதிரி காலநிலை. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரம், குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்று. இரண்டும் கேசட்டை வெவ்வேறு விதமாகக் கொல்லும். மலையடிவாரத்துக் கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தால் நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை தெரியும். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். மூக்கைக் கட்டிக்கொண்டு, இதற்கென்றே ஒதுக்கிய உருப்படாத டெக்கில், பஞ்சு உதிராத மெல்லிய துணியை நாடாமேல் லேசாகப் பிடித்தபடி முழுவதும் சுற்றி எடுக்க வேண்டும். வெயிலில் காயவைப்பது உதவாது, கூடு வளைந்துவிடும்.

கடற்கரைக் கேசட்டில் நாடா நன்றாகவே இருக்கும். உள்ளே நாடாவை ஹெட்டோடு அழுத்தும் ஃபெல்ட் துண்டைத் தாங்கும் மெல்லிய உலோகத் தகடு கறுத்து, பசை விட்டு, ஃபெல்ட் விழுந்து கிடக்கும். ஒலி வந்து வந்து போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், நாடாவின் மேல் பழி போடாதீர்கள். வேண்டாத கேசட் ஒன்றிலிருந்து தகட்டோடு கழற்றி மாற்றினால் தீர்ந்தது. ஸ்குரூ வைத்த கூடாக இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஒட்டிய கூடென்றால் விளிம்பு இணைப்பில் பிளேடை வைத்துச் சுற்றிலும் கீறிப் பிளந்து, இரண்டு சுருளையும் ஸ்குரூ வைத்த வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். மூலை உருளைகளின் வெளியே நாடா போகிறதா, பூச்சுப் பக்கம் ஹெட்டைப் பார்க்கிறதா என்று மூடும் முன் பாருங்கள். அறுந்த நாடாவைச் சாதாரண செலோ டேப்பால் ஒட்டுகிறவர்களைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெக்கையில் பசை கசிந்து அடுத்த சுற்றுகளையும் சேர்த்து ஒட்டிவிடும். ஸ்ப்ளைசிங் டேப் என்றே தனியாக உண்டு, அதையும் நாடாவின் பின்பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும்.

ஹெட்டுக்கும் நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் கம்பிக்கும் மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு கழுவ வைத்திருக்கும் ஐபிஏ என்ற ஆல்கஹால், ஒரு இயர்பட். ரப்பர் உருளைக்கு மட்டும் சோப்புத் தண்ணீர். ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் காய்ந்துபோகும். நெடுநாள் எடுக்காத கேசட்டைப் பதியும் முன் ஒருமுறை முழுவதும் முன்னே ஓட்டிப் பின்னே சுற்றுங்கள், கீச்சென்ற சத்தம் பாதி குறையும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள். டெக்கின் பெல்ட்? அது நாளானால் தளர்ந்துவிடும், சிலது உருகித் தார் போல ஒட்டிக்கொள்ளும். எத்தனை வாங்கினாலும் ஒரு நாள் மாற்ற வேண்டிவரும். வாங்கிய ஆடியோ சிடிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, சிடி டிரைவ் உள்ள பழைய கம்ப்யூட்டர் கிடைத்தால் இன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.

சட்டம் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை மீறலாகக் கருதுவதில்லை. சொந்தக் கேசட்டைச் சொந்த மொபைலில் ஏற்றுவது அதில் அடங்கும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். கொடையில் பதிந்த வில்லுப்பாட்டை யூடியூபில் ஏற்றுவது அதில் வராது. பாடியவர்களுக்கு நிகழ்த்துநர் உரிமை 50 வருஷம் உண்டு. புலவர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் வீட்டாரிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பருக்கு நான் சொல்வது: டெக்கும் வாங்காதே. கேசட் ஓடும் நேரமும் பதியும் நேரமும் ஒன்று. அம்பது கேசட் என்றால் ஓடுவதற்கு மட்டும் அம்பது மணி நேரம், சி-90 என்றால் எழுபத்தைந்து. துடைப்பது, ஸ்குரூ திருப்புவது, பாட்டு பாட்டாக வெட்டிப் பெயர் போடுவது சேர்த்தால் இரட்டிப்பு. டெக், யூஎஸ்பி பெட்டி, பெல்ட், ஐபிஏ எல்லாம் கூட்டினால் பல வருஷச் சந்தா. ஆக, மறுபடி காசு கொடுக்கக் கூடாது என்று ஆரம்பித்த வேலைதான் எல்லாவற்றிலும் அதிகக் காசைத் தின்கிறது. சினிமாப் பாட்டுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு சந்தாவைக் கட்டு. எங்கும் கிடைக்காத பத்துப் பதினைந்து கேசட்டை மட்டும் பிரித்து, டெக் வைத்திருப்பவரிடம் கொண்டுபோ. கடையில் கொடுப்பதானால் இரைச்சல் நீக்காத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பு வேண்டும் என்று முதலிலேயே சொல். சொல்லாவிட்டால் தரம் குறைந்த 128 கேபிபிஎஸ் எம்பி3-யை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

சொல்லியும் கேட்காமல் டெக் வாங்கப் போகிறவர்களுக்கு: விற்பவர் கொடுக்கும் கேசட்டை நம்பாமல் சொந்தக் கேசட் ஒன்றைக் கொண்டுபோங்கள், அழிந்தாலும் பரவாயில்லை என்கிற ஒன்றாக. இரண்டு சானலும் ஒரே அளவில் வருகிறதா, சி-90-இன் கடைசி வரை முன்னும் பின்னும் சுற்றுகிறதா, ஸ்டாப் ஆனபின் நாடா வெளியே தொங்குகிறதா என்று பாருங்கள். ஹெட்டின் முகத்தில் நகத்தை வைத்துக் குறுக்கே தடவும்போது பள்ளம் தட்டினால் விலை பேசவே வேண்டாம்.