கணுக்கால் தேய்ந்தால் இணைப்பதா, மாற்றுவதா?

முழங்கால் தேய்வதற்கு வயது பெரிய காரணம். கணுக்காலுக்கோ பெரும்பாலும் பழைய அடிதான். எப்போதோ பைக்கிலிருந்து விழுந்து முறிந்த எலும்போ, திரும்பத் திரும்பப் பிசகிய கணுக்காலோ பல வருடம் கழித்து வலியாகத் திரும்பும். அதனால் நாற்பது, ஐம்பது வயதிலேயே பலர் இந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. மாத்திரை, ஊசி, பிரேஸ் எதுவும் கேட்காத நிலையில் இருப்பது இரண்டு பெரிய அறுவை சிகிச்சைகள். மூட்டை அசையாமல் இணைத்துவிடும் ஃபியூஷன் ஒன்று. உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்தும் மூட்டு மாற்று இன்னொன்று.

முதலில் மூட்டைப் புரிந்துகொள்வோம். முழங்காலுக்குக் கீழே இருக்கும் டிபியா, ஃபிபுலா எலும்புகள் இரண்டும், பாதத்தின் உச்சியில் இருக்கும் டாலஸ் எலும்பை மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் கவ்விப் பிடித்திருக்கின்றன. பாதத்தை மேலும் கீழும் மடக்குவது இந்த மூட்டின் வேலை. பாதத்தை உள்ளே, வெளியே சாய்ப்பது பெரும்பாலும் அதற்குக் கீழே, டாலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவில் இருக்கும் சப்டாலர் மூட்டு. என்னைப் பொறுத்தவரை, எந்த சிகிச்சை என்பதைத் தீர்மானிப்பதில் இந்தக் கீழ் மூட்டுக்குத்தான் பெரிய பங்கு.

ஃபியூஷனில் மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, பாதத்தைக் காலுக்கு 90 டிகிரியில் வைத்து ஸ்க்ரூ போடுவார்கள். எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்ததும் வலி பெரும்பாலும் அடங்கிவிடும். சமதளத்தில் ஷூ போட்டு நடந்தால் பார்ப்பவருக்குச் சட்டென்று தெரியாது. மேட்டில் ஏறும்போதுதான் தெரியும். உடல் முன்னே போகும், கணுக்கால் மடங்காது, குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழும்பிவிடும். பாதம் முழுக்க ஊன்றிக் குந்தி உட்காரவும் முடியாது. இழந்த அசைவை சப்டாலரும் பாதத்தின் நடு மூட்டுகளும் ஈடுகட்ட வேண்டும். அந்தச் சுமையில் அவையும் வருடக்கணக்கில் தேயலாம்.

மாற்று மூட்டு அசைவைக் காப்பாற்றும். ஆனால் குந்தி உட்காரும் அளவுக்கு மடங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 1970-களில் வந்த முதல் தலைமுறை மூட்டுகள் தளர்ந்துபோய்க் கெட்ட பெயர் வாங்கின. இப்போதைய வடிவங்கள் எவ்வளவோ மேல். இருந்தாலும் பழுதானால் மறுபடி திறக்க வேண்டும், அப்போது பிடித்து நிற்க எலும்பு குறைவாக இருக்கும்.

இந்த இரண்டு சிகிச்சைகளையும் ஒப்பிட்டு, பிரிட்டனில் 50 முதல் 85 வயதுக்காரர்களை வைத்து நடந்த டார்வா (TARVA) ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. ஒரு வருடத்தில் இரு தரப்புக்குமே நடை நன்றாகத் தேறியது, பெரிய வித்தியாசமில்லை. காயம் ஆறுவதில் சிக்கல் மாற்று மூட்டுக்காரர்களுக்கு அதிகம். ஃபியூஷனில் சிலருக்கு எலும்பு சேரவே இல்லை.

சரி, யாருக்கு எது? வயது குறைவு, சுமை தூக்கும் வேலை, கீழ் மூட்டு நல்ல நிலை என்றால் என் ஓட்டு ஃபியூஷனுக்கு. ஆனால் புகைப்பவருக்கு எலும்பு சேராமல் போகும் ஆபத்து கூடும், முதலில் அதை விட வேண்டும். அறுபதைத் தாண்டியவர், நிதானமான வாழ்க்கை, சப்டாலரும் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது என்றால் மாற்று மூட்டே மேல். அவருக்கு மேலேயும் இணைத்துவிட்டால் ஈடுகட்டக் கீழே ஒன்றும் இருக்காது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் பொதுவாக மாற்று மூட்டு வைப்பதில்லை. டாக்டரிடம் போகும்போது, நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் சப்டாலர் மூட்டு எப்படி இருக்கிறது என்று தனியாகக் கேளுங்கள்.