ஜெர்மானிய விவசாயி ஒருவரின் பூர்வீக ஊரைத் தேட ஃபேமிலிசர்ச் எந்த அளவு உதவும்?

அமெரிக்காவில் சம்பந்தம் செய்த குடும்பங்கள் கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் இப்போது நிறைய. பேரப்பிள்ளைகளுக்கு வம்சாவளி எழுத உட்கார்ந்தால், அப்பாரு (அப்பாவின் அப்பா) வழியில் கூட்டம் என்கிற குலப்பிரிவு, குலதெய்வக் கோயில், பூர்வீகக் காணி ஊர் எல்லாம் பேச்சிலேயே கிடைத்துவிடும். ஆண்டுதான் கிடைக்காது. அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வழி ஜெர்மனியிலிருந்து விஸ்கான்சினுக்கோ மின்னசோட்டாவுக்கோ போன பண்ணைக் குடும்பம் என்றால் நிலைமை தலைகீழ். வயது, நிலம், பிள்ளைகள் எல்லாம் எழுத்தில் இருக்கும், ஊர் இருக்காது. "ஜெர்மனி" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடும்.

அந்த ஊரைப் பிடிக்க முதலில் போக வேண்டிய தளம் ஃபேமிலிசர்ச். மார்மன் சபை என்று பலரும் அறிந்த சபை நடத்துகிறது. கட்டணம் கிடையாது, கணக்கு தொடங்கினால் போதும்.

தெரிந்த ஆளிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 72 ஆண்டு கழித்துத்தான் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் திறப்பார்கள். 1950-ஆம் ஆண்டுப் பட்டியல் 2022-இல் வந்தது. அங்கிருந்து இறங்கினால் 1900-ஆம் ஆண்டுப் பக்கம்தான் புதையல். பிறந்த மாதம், ஆண்டு, மணமாகி எத்தனை வருடம், தாய் பெற்ற பிள்ளைகளில் உயிரோடிருப்பவர் எத்தனை பேர், கப்பலேறி வந்த ஆண்டு, குடியுரிமை நிலை, பண்ணை சொந்தமா குத்தகையா, அடமானம் உண்டா என அத்தனையும் ஒரே வரியில் இருக்கும். 1890-ஆம் ஆண்டுப் பட்டியல் 1921 தீ விபத்தில் சிக்கி ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. ஆகவே 1882-இல் வந்திறங்கி 1889-இல் மணமுடித்தவர் 1900 வரை நாடு தழுவிய கணக்கெடுப்பில் அகப்படவே மாட்டார். 1880-க்கும் 1900-க்கும் நடுவே விழும் அந்த இருபது ஆண்டுப் பள்ளத்தைத் திருமணப் பதிவுதான் நிரப்பும்.

இரண்டு இடத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். வயது ஓராண்டு முன்பின் இருந்தால் வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். கணக்கெடுப்பு நாளே மாறிக்கொண்டிருந்தது. 1900-இல் ஜூன் 1, 1910-இல் ஏப்ரல் 15, 1920-இல் ஜனவரி 1. அதேபோல, ஒரு பட்டியலில் "பிரஷ்யா", அடுத்ததில் "ஜெர்மனி" என்றிருந்தாலும் ஒரே ஆளாக இருக்கலாம். 1871-க்கு முன் ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. பவேரியா, ஹனோவர், மெக்லன்பர்க் என்றே சொல்லியிருப்பார்கள்.

பெயர்த் தேடலில் பொறுமை வேண்டும். ம்யுல்லர் மில்லராகவும், ஷ்மிட் ஸ்மித்தாகவும் ஆகியிருக்கும். குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதற்பெயர், பிறந்த ஆண்டு, கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) மட்டும் போட்டுத் தேடுங்கள். அண்ணன் தம்பி எல்லாருக்கும் யோஹான் என்று ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள். கூப்பிடும் பெயர் இரண்டாவதாக வரும். மேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் இன்னொரு சங்கதி. பண்ணைக்கு வாரிசான பெண்ணைக் கட்டி அங்கேயே குடியேறும் மாப்பிள்ளை பண்ணையின் பெயரையே தன் பெயராக ஏற்பது உண்டு. தோட்டத்துப் பெயரைச் சொல்லி ஆளை அடையாளம் காட்டும் நமக்கு இது சட்டென்று புரியும்.

திருமணப் பதிவு இரண்டு வகை. கவுன்ட்டி அலுவலகப் பதிவில் பெயரும் தேதியும் உறுதி, ஊர் அபூர்வம். சர்ச் பதிவேட்டைத்தான் துரத்த வேண்டும். பாதிரியார் ஜெர்மன் மொழியில் எழுதியதில் மணமகனின் சொந்தக் கிராமம் இருக்க வாய்ப்பு அதிகம். கையெழுத்து கூரன்ட் என்ற பழைய முறை. அதில் "e" எழுத்து "n" போலத் தெரியும், ஆகவே எழுத்துகளின் அட்டவணை பக்கத்தில் இருக்கட்டும். சாட்சிகளின் பெயரைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உடன்பிறந்தவரோ ஊர்க்காரரோதான் சாட்சி நின்றிருப்பார். உங்கள் ஆளின் ஊர் எங்கும் கிடைக்காதபோது சாட்சியின் இறப்புப் பதிவில் கிடைப்பதுண்டு.

ஊர்ப் பெயர் கிடைத்ததும் முடிந்ததென்று எண்ண வேண்டாம். நமக்கு எத்தனை புதூரோ அத்தனை நோய்ஸ்டாட் அங்கே. மேயர்ஸ் கெசட்டியர் என்ற ஊர்ப்பெயர் அகராதியின் இலவசத் தளத்தில் ஒவ்வொன்றுக்கும் அருகே எந்தப் பங்குகள் (ஒரு சர்ச்சின் எல்லைக்குட்பட்ட பகுதிகள்) உள்ளன என்று பாருங்கள். ஜெர்மன் பேரரசு முழுதும் பிறப்பு, மணம், இறப்பை அரசே பதிவது 1876-இல்தான் தொடங்கியது, பிரஷ்யாவில் 1874 அக்டோபரில். அதற்கு முந்தையது பெரும்பாலும் பங்குப் பதிவேடுதான்.

இங்கேதான் ஃபேமிலிசர்ச் கைவிடும். அந்தப் பதிவேடுகளின் படச்சுருள்களில் கணிசமானவை வீட்டிலிருந்து திறக்காது. சபையின் ஃபேமிலிசர்ச் மையத்திலோ இணைப்பு நூலகத்திலோதான் பார்க்கலாம். கத்தோலிக்கக் குடும்பமென்றால் மாட்ரிகுலா தளத்தில் பல மறைமாவட்டங்களின் ஏடுகள் இலவசம். புராட்டஸ்டன்ட் என்றால் ஆர்க்கியான், அது கட்டணத் தளம்.

தளத்தின் பதிவுத் தேடல் தங்கம். பொதுக் குடும்ப மரத்தை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. உலகத்துக்கே ஒரே மரம், யாரும் திருத்தலாம். ஒரே பெயருள்ள இருவரை ஒட்டவைத்த கிளைகள் ஏராளம். அதை இறந்தவர்களைப் பற்றிய துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு மூலப் படத்தைத் திறந்து சரிபாருங்கள்.

நம் வழியைத் தேட இந்தத் தளம் அநேகமாகப் பயன்படாது. இந்தியக் கணக்கெடுப்புத் தாள்களைப் பார்வையிட 1948-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தரவில்லை. பழைய கிரயப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் கோயில் வரி நோட்டும்தான் வழி. ஆனால் கிடைத்ததைப் பதிந்துவைக்க ஏற்ற இடம். குடும்பப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலைப் போடாமல் தகப்பனார் பெயரை முழுதாக எழுதுங்கள். கூட்டமும் காணி ஊரும் குறிப்புப் பகுதியில் இருக்கட்டும்.