அனிக் டிப்போவில் பழைய கண்டக்டர் பை

மும்பை அனிக் டிப்போவுக்குள் இருக்கும், நகர பஸ்களை ஓட்டும் பெஸ்ட் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஆனால் மாட்டுங்காவிலிருந்து அங்கே போன டாக்சிக்குக் காசு கொடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், 'சுட்டா நஹீ, ஸ்கேன் கரோ' (சில்லறை இல்லை, போனில் ஸ்கேன் பண்ணுங்கள்) என்கிறார் டிரைவர். ஊரில் இருந்த என் பேங்க் கணக்கு செத்து வருஷக்கணக்காகிறது. எதை வைத்து ஸ்கேன் பண்ணுவது? லண்டன் கார்டைக் காட்டினேன். கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். வாட்ச்மேன், பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்மணி, பீடாக் கடைக்காரர் என்று பஞ்சாயத்து கூடிவிட்டது. கடைசியில் பீடாக் கடைக்காரர் தன் போனிலிருந்து டிரைவருக்குப் பணம் அனுப்பி, என் நோட்டுக்கு மீதியை எண்ணிக் கொடுத்தார். கையில் சில்லறை இருந்ததென்றால் முதலிலேயே மாற்றித் தந்திருக்கலாமே என்றேன். 'நீங்கள் கேட்கவே இல்லையே' என்றார்!

லண்டன் பஸ்களிலும் 2014 ஜூலையிலிருந்து ரொக்கம் வாங்குவதில்லைதான். ஆனால் வெளிநாட்டு பேங்க் கார்டைத் தொட்டாலும் அந்த மெஷின் ஏற்றுக்கொள்ளும். ஒரு வழியை அடைத்தால் இன்னொன்றைத் திறந்து வைக்க வேண்டாமா?

இந்த எரிச்சலோடு உள்ளே போனால், எதிரிலேயே கண்டக்டரின் தோல் பை, தகர டிக்கெட் பெட்டி, டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்ச்! அங்கே இருந்த காகா (பெரியவர்) முன்பு கண்டக்டராக இருந்தவராம். நான் அசையாமல் நின்றதைப் பார்த்து, பஞ்சை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். நல்ல கனம். விரல் படும் இடத்தில் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிகிறது. அந்த டிக்டிக் சத்தம்! கூட்டத்தில் கண்டக்டர் முகம் தெரிவதற்கு முன்பே அது வந்துவிடும், நாம் சில்லறையை எடுத்துத் தயாராக வைத்திருப்போம். மெல்லிசு டிக்கெட்டில் ஸ்டேஜ் நம்பர் மேல் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். நோட்டாக நீட்டினால் திட்டுவார், ஆனால் மீதியைக் கொடுத்துவிடுவார்.

லண்டன் கோவென்ட் கார்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் பளபளப்புக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. சரி, இருக்கட்டும். அங்கே எனக்கு யார் பஞ்சை எடுத்துக் கையில் கொடுப்பார்கள்?

டிராம் மாதிரிகளும் உண்டு. 1874-இல் குதிரை இழுத்தது, 1907-இல் மின்சாரம் வந்தது, 1964 மார்ச் 31-ஆம் தேதி கடைசி வண்டி தாதருக்குப் போனது. அப்பா ஆபீஸ் போன டிராம்.

பழைய டீசல் டபுள் டெக்கரை 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. புதிய மின்சார வண்டியில் ஏசி, ஜன்னலைத் திறக்கவே முடியாது. மேல்மாடி முன் சீட்டில் முகத்தில் அடிக்கும் காற்று இனி எங்கே கிடைக்கும் என்று காகாவிடம் புலம்பினேன்.

'ஜூலை மாத மழையில் அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களா, சாஹேப்?' என்று கேட்டுவிட்டு, பஞ்சை வாங்கி உள்ளே வைத்தார்.