லாயத்துக் குதிரையா, வீட்டுக் குதிரையா? பிரவுன் கவுண்டி காட்டில் ஒரு நாள் சவாரி

அமெரிக்காவின் இண்டியானாவில் மிகப் பெரிய மாநிலப் பூங்கா பிரவுன் கவுண்டி. ஏறக்குறைய 16,000 ஏக்கர் மேடுபள்ளமான காடு. அதற்குள் சுமார் 70 மைலுக்குக் குதிரைத் தடங்கள். பூங்கா லாயத்தில் வாடகைக்கு ஏறி வழிகாட்டியோடு போகலாம், சொந்தக் குதிரையை ட்ரெய்லரில் கொண்டுவரவும் செய்யலாம்.

இதுவரை பத்துமுறைகூடக் குதிரை ஏறாதவருக்கு லாயம்தான் சரி. அந்தக் குதிரைகளுக்குத் தடம் மனப்பாடம். முன்னால் போகும் வாலைப் பார்த்து நடக்கும். விரும்பிய பக்கம் திருப்பவோ, பாய்ந்தோட விடவோ முடியாது. அதில் குறைப்பட ஒன்றுமில்லை, பழகாத முழங்கால் ஒரு மணி நேரத்திலேயே கெஞ்சும். கவனிக்க வேண்டியது எடை. சவாரிக்காரரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுக் கணக்கு. 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ. அமெரிக்க மாட்டுக்காரர் பாணியான வெஸ்டர்ன் சேணமே 15 கிலோ போய்விடும், மிச்சம் 75. முன்பதிவின்போதே உண்மையான எடையைச் சொல்லிவிடுங்கள். சிறு குதிகால் உள்ள மூடிய ஷூ போடுங்கள். தட்டையான ஷூ, கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் முழுதாக நுழைந்துவிட்டால், விழும்போது கால் மாட்டிக்கொள்ளும்.

சொந்தக் குதிரை என்றால் சவாரியைவிட ஏற்பாடுதான் பெரிது. வெளி மாநிலத்திலிருந்து வருவதானால் 12 மாதத்துக்குள் எடுத்த காகின்ஸ் (குதிரைத் தொற்று ரத்தசோகைக்கான) ரத்தப் பரிசோதனைச் சான்று வேண்டும். இரண்டு குதிரை ட்ரெய்லரில் ஒன்றைத்தான் ஏற்றுகிறீர்கள் என்றால் அதை இடப்பக்கம், ஓட்டுநர் பக்கமாக நிறுத்துங்கள். சாலை வலது ஓரமாகச் சரிந்திருக்கும், எடையும் அந்தப் பக்கம் சேர்ந்தால் வண்டி இழுக்கும். தண்ணீர் நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர். பழகாத தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தள்ளும் குதிரைகள் உண்டு. பிறகு வயிற்றுவலியில் போய் நிற்கும். வீட்டுத் தண்ணீரையே கேனில் பிடித்து வாருங்கள்.

ஏறுமுன் வயிற்றுவாரை இறுக்கியது போதாது. இறுக்கும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரை பத்து நிமிடம் நடந்ததும் தளர்ந்துவிடும். இறங்கி ஒருமுறை இழுத்துப் பார்க்காவிட்டால் முதல் சரிவிலேயே சேணம் பக்கவாட்டில் சுழலும். உதைக்கும் குதிரைக்கு, பின்னால் வருபவர் விலகி வர, வாலில் சிவப்பு ரிப்பன் கட்டுவது வழக்கம்.

அக்டோபரில் இலைச் செம்மை பார்க்கக் கூட்டம் அலைமோதும். ஆபத்தும் அந்த இலையில்தான். செம்மேப்பிள் மரத்தின் வாடிய இலையைத் தின்றால் குதிரையின் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். 450 கிலோ குதிரைக்கு எழுநூறு கிராமே நஞ்சாகலாம். பச்சை இலையைவிட வாடியதுதான் மோசம். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது அந்த மரத்தடியில் கட்டாதீர்கள். கயிறு தோள் உயரத்தில், ஒரு கை நீளத்துக்குள், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சோடு இருக்கட்டும். நீளமாக விட்டால் காலைச் சுற்றும். லாயத்துக் குதிரையில் போனவருக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது.

பதிலுக்கு வீட்டுக் குதிரை தருவது தூரம். மேடுபள்ளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்தில் 20. அதுவும் வாரத்தில் மூன்று நாளாவது சவாரி போகும் குதிரைக்குத்தான். மாதக்கணக்கில் லாயத்தில் நின்றதைக் கொண்டுவந்து மலையேற்றினால் மறுநாள் தசை இறுகி நடக்காது. அப்படிப்பட்டதை வீட்டில் விட்டுவிட்டு நீங்களும் வாடகைக் குதிரையில் ஏறுங்கள்.

திரும்பும் நேரத்தையும் முன்பே குறியுங்கள். இருட்டிய பிறகு கருங்குகை போலிருக்கும் ட்ரெய்லருக்குள் பல குதிரைகள் காலெடுத்து வைக்காது. உள்விளக்கு எரிகிறதா என்று காலையில் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.