கோச்சா, காசா, சட்டமா?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்றால் இரண்டாண்டு அரசுக் கல்லூரி. நம் ஊர் சமுதாயக் கல்லூரி வேறு, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே யார் வந்தாலும் இடம் உண்டு, கட்டணமும் குறைவு. பகலில் கடையில் வேலை, சாயங்காலம் வகுப்பு, வீட்டில் கைக்குழந்தை என்று இருப்பவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். சேருவது சுலபம், முடிப்பதுதான் பாடு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று கம்யூனிட்டி கல்லூரிகளில், கணக்கிலோ ஆங்கிலத்திலோ பின்தங்கிய ஏழை மாணவர்களை ஓர் ஆய்வுக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கமான உதவிகளோடு படித்தவர்களில் மூன்றாண்டு முடிவில் பட்டம் வாங்கியவர்கள் 22 சதவீதம்.

இதை மாற்ற கடந்த இருபது வருடங்களில் மூன்று வழிகளைப் போட்டி போட்டுக்கொண்டு முயன்று பார்த்திருக்கிறார்கள். கல்லூரிக்கு ஒரு கோச்சை அனுப்பி, நிர்வாகத்தையே மாறவைப்பது ஒரு வழி. மாணவர் கையில் நேரடியாக உதவியைக் கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது, சட்டமன்றத்தில் மசோதா போட்டு எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே உத்தரவு. மூன்றுக்குமே ஆதரவாளர்கள் உண்டு, ஆய்வறிக்கைகளும் உண்டு. எனக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது, போகப் போகத் தெரியும்.

முதலில் கோச். 2004-இல் லூமினா அறக்கட்டளை பணம் போட்டு 'அச்சீவிங் த ட்ரீம்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. டெக்சஸ், ஃபுளோரிடா, வர்ஜீனியா, வட கரோலினா, நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்களின் கல்லூரிகள் முதல் சுற்றில் வந்தன. கல்லூரி ஒன்றுக்கு ஐந்தாண்டுக்கு 4,50,000 டாலர். அதோடு இரண்டு ஆட்கள். ஒருவர் தலைமைக்கான கோச், பெரும்பாலும் ஓய்வுபெற்ற கல்லூரித் தலைவர். இன்னொருவர் தரவுக்கான கோச், புள்ளிவிவரத்தில் ஊறியவர்.

இவர்கள் கல்லூரிகளுக்குத் தரம் போட வரும் நம் ஊர் நாக் குழு மாதிரி வருகிறவர்கள் இல்லை. வாசலில் கோலம், மேஜையில் கோப்பு, போகும்போது ஒரு மதிப்பெண் என்ற கதையே கிடையாது. மதிப்பெண் போடும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. வருடத்துக்குச் சில முறை வந்து உட்கார்ந்து, 'போன வருடம் முதல் கணக்குப் பாடத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள், அதில் கறுப்பின மாணவர்கள் எத்தனை, பகுதிநேர மாணவர்கள் எத்தனை' என்று கேட்பார்கள். பல கல்லூரிகளில் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல ஆளே இருந்ததில்லை. சேர்க்கை எண்ணிக்கை மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். அரசு மானியம் பெரும்பாலும் அதை வைத்துத்தானே வந்தது!

பலன்? 2011-இல் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனமும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி கல்லூரி ஆய்வு மையமும் முதல் சுற்றுக் கல்லூரிகள் 26-ஐ ஆராய்ந்து அறிக்கை விட்டன. தரவைப் பார்த்துப் பேசும் பழக்கம் வந்திருந்தது. ஆனால் மாணவர் தேர்ச்சி மொத்தத்தில் பெரிதாக அசையவில்லை. முதலாண்டு ஆங்கிலப் பாடத்திலும், எடுத்த பாடங்களை முடிப்பதிலும் லேசான முன்னேற்றம், அவ்வளவுதான். கல்லூரிகள் எடுத்த முயற்சிகளில் பெரும்பாலானவை சின்னச் சின்ன சோதனைகளாகவே நின்றுபோயின. ஆயிரக்கணக்கானோர் படிக்கும் இடத்தில் ஒரு மூலையில் முப்பது பேருக்குத் தனி வகுப்பு நடந்தால் மொத்தக் கணக்கில் அது எங்கே தெரியும்?

இதைப் படித்துவிட்டு 'கோச் தண்டம்' என்று மூடி வைத்தவர்கள் உண்டு. கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்புறம் காசு வழி. இதில் எல்லோரும் கைகாட்டுவது ஏசாப் திட்டத்தை. 2007-இல் அதே நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் ஆரம்பித்தது. மாணவர் முழுநேரம் படிக்க வேண்டும். பதிலுக்கு, உதவித்தொகை போக மீதிக் கட்டணம் இருந்தால் கல்லூரியே கட்டும், பாடப்புத்தகம் இலவசம், தனி ஆலோசகர் உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்த சங்கதி ரயில் பாஸ். சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் செல்லும் மாதாந்திர மெட்ரோகார்டை இலவசமாகக் கொடுத்தார்கள். தபாலில் அனுப்பிவிடவில்லை. மாதாமாதம் ஆலோசகரைப் பார்த்தால்தான் கார்டு. பாஸ் வாங்க வரும் பிள்ளையிடம் 'கணக்குப் பாடம் எப்படிப் போகிறது' என்று கேட்காமல் யார் அனுப்புவார்? முதல் வருடத்தில் ஏசாப் மாணவர் ஆலோசகரைச் சந்தித்தது சராசரியாக 38 முறை, மற்றவர்கள் 6 முறை. அந்த ஆலோசகர் பொறுப்பில் 60 முதல் 80 பேர். வழக்கமான ஆலோசகர் தலையில் 600 முதல் 1,500 பேர் வரை. 1,500 பேரை வைத்துக்கொண்டு யார் பெயர் நினைவிருக்கும்?

இந்தத் திட்டத்தைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டு குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். மொத்தம் 896 மாணவர்கள். மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் ஏசாப் பக்கம் 40 சதவீதம், இந்தப் பக்கம் முன்பே சொன்ன 22. கம்யூனிட்டி கல்லூரி ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். செலவும் பெரிது: மூன்றாண்டுக்கு ஒரு மாணவருக்குக் கூடுதலாக 16,000 டாலருக்கு மேல். ஆனால் பட்டம் வாங்கியவர் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் ஏசாப்தான் மலிவு. பாதியில் போகிறவருக்குச் செய்த செலவும் செலவுதானே. என்ன சொல்லியும் பட்ஜெட் கூட்டத்தில் இந்தக் கணக்கு எடுபடுவது கஷ்டம். கூடுதல் பணம் இந்த வருடமே வேண்டும், பட்டம் மூன்று வருடம் கழித்துத்தான் வரும்.

இன்னொரு குறையும் உண்டு. முழுநேரம் படிக்க முடியாதவருக்கு ஏசாப்பில் இடமில்லை. இரண்டு வேலை பார்க்கும் அம்மாவுக்கு இது கதவைச் சாத்தின மாதிரிதான்.

சட்டம் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கல்லூரியில் சேரும்போதே ஒரு தேர்வு வைத்து, தேறாதவர்களைப் பட்டத்துக்குக் கணக்கில் வராத அடிப்படை வகுப்புகளில் தள்ளுவது பழைய முறை. 2015-இல் டென்னசி தன் கம்யூனிட்டி கல்லூரிகள் எல்லாவற்றிலும் அதை நிறுத்தியது. எல்லோரும் நேராகக் கல்லூரிப் பாடத்துக்குப் போகலாம், தடுமாறுகிறவருக்குப் பக்கத்திலேயே துணை வகுப்பு. கலிஃபோர்னியா 2017-இல் சட்டமே போட்டது, 2019 இலையுதிர் பருவத்துக்குள் அமலாக வேண்டும் என்று கெடுவும் வைத்தது. டென்னசியில் அப்படிப் பின்தங்கியிருந்தவர்களில் ஒரே வருடத்தில் கல்லூரிக் கணக்கைத் தாண்டியவர்கள் முன்பு சுமார் 12 சதவீதம், பிறகு 50-ஐத் தாண்டியது. எந்தக் கோச்சும் இந்த வேகத்தில் எதையும் மாற்றியதில்லை. ஆனால் பின்னால் வந்த ஆய்வில் பட்டம் முடித்தவர் எண்ணிக்கையில் சொல்லும்படியான உயர்வு இல்லை. ஒரு வேலியை எடுத்துவிட்டார்கள், தாண்ட வேண்டிய மற்ற வேலிகள் அப்படியே நிற்கின்றன.

ஆக, வேகத்தில் சட்டம், பலனில் ஏசாப், கோச் கடைசி. மதிப்பெண் பட்டியல் மட்டும் பார்த்தால் இப்படித்தான் தெரியும். ஆனால் இந்த மூன்றும் தனித்தனியாக நடக்கவில்லை. பட்டியலில் இல்லாத விஷயம் இதுதான்.

அடிப்படை வகுப்புகள் உதவவில்லை என்று சட்டமன்றங்களுக்கு எப்படித் தெரிந்தது? அந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்பட்ட ஆய்வுகளில் ஒன்று 2010-இல் கொலம்பியா மையம் வெளியிட்டது. கல்லூரிக் கணக்குக்கு மூன்று படி கீழே தள்ளப்பட்டவர்களில் அடிப்படைக் கணக்கு வகுப்புகளை முழுவதுமாக முடித்தவர்கள் 17 சதவீதம் என்று அது சொன்னது. 57 கல்லூரிகள், இரண்டரை லட்சம் மாணவர்களுக்கு மேல். அந்தத் தரவு எங்கிருந்து வந்தது தெரியுமா? அச்சீவிங் த ட்ரீம் கல்லூரிகளிலிருந்து. கோச்சுகள் நச்சரித்துக் கேட்டது இந்த மாதிரித் தரவைத்தான்.

ஏசாப்பும் அப்படியே. ஒஹையோவின் மூன்று கல்லூரிகள் 2014 வாக்கில் அதை எடுத்துச் செய்தபோது, நியூயார்க்காரர்களும் எம்.டி.ஆர்.சி.யும் கூடவே இருந்து கோச் மாதிரி வழிகாட்டினார்கள். ஒஹையோவில் நியூயார்க் மாதிரி சுரங்க ரயில் ஏது? மெட்ரோகார்டுக்குப் பதில் பெட்ரோலுக்கும் மளிகைக்கும் செல்லும் மாதம் 50 டாலர் கார்டு என்று மாற்றிக்கொண்டார்கள். அங்கே மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் 35 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 19. 'உங்களுக்கு என்ன பிரச்சினை, நீங்களே கண்டுபிடியுங்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகும் கோச்சும், 'இந்த மாதம் ஆலோசகரை எத்தனை பேர் பார்க்கவில்லை' என்று குறிப்பாகக் கேட்கும் கோச்சும் ஒன்றில்லை. முதல் சுற்றில் வந்தது பெரும்பாலும் முன்னது.

அதற்காகக் கல்லூரி தானாகக் கண்டுபிடிப்பதே இல்லை என்றும் சொல்ல முடியாது. டெக்சஸில் அமரிலோ கல்லூரி அச்சீவிங் த ட்ரீம் வலையமைப்பில் உள்ள ஒன்று. படிப்பைக் கெடுப்பது எது என்று தன் மாணவர்களையே கேட்டது. பாடம் புரியவில்லை என்ற பதில் முன்னால் வரும் என்று எதிர்பார்த்தார்கள். முன்னால் வந்தவை சாப்பாடு, வாடகை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், வண்டி. தங்கள் சராசரி மாணவிக்கு 'மரியா' என்று ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவள், பிள்ளை குட்டிக்காரி, இரண்டு வேலை பார்க்கிறவள், பகுதிநேரமாகப் படிக்கிறவள். ஏசாப் கதவைச் சாத்திய அதே பெண். வளாகத்திலேயே உணவுப் பண்டகமும் அவசர நிதியும் கிடைக்கும் ஓர் உதவி மையம் திறந்தார்கள். 2023-இல் கம்யூனிட்டி கல்லூரிகளுக்கான ஆஸ்பென் பரிசு அமரிலோவுக்கும் இம்பீரியல் வேலி கல்லூரிக்கும் சேர்த்துக் கிடைத்தது.

அதே டெக்சஸின் ஒடெசா கல்லூரி இன்னும் மலிவாக ஒன்று செய்தது. ஆசிரியர்கள் மாணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், ஒவ்வொருவரோடும் தனியாக ஒரு முறையாவது பேச வேண்டும், ஏதோ சரியில்லை என்று தெரிந்த அன்றே விசாரிக்க வேண்டும், விதியில் கறாராக இருந்தாலும் சமயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு பைசா கட்டடச் செலவு இல்லை. ஆனால் இதைச் சட்டம் போட்டு வரவழைக்க முடியுமா? பெயர் சொல்லிக் கூப்பிடாத பேராசிரியருக்கு அபராதமா போடுவது?

என் கையில் ஒரு கல்லூரியும் ஐந்து வருடமும் கொஞ்சம் பணமும் இருந்தால், பணத்தை ஆலோசகர் சம்பளத்துக்கு வைப்பேன். கோச்சைக் கூப்பிடுவேன், ஆனால் என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகு. சட்டம் வந்தால் வரட்டும், தடுக்க மாட்டேன். கோச்சைக் கூப்பிடுவதற்கு முன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்வேன்: கல்லூரித் தலைவர் இன்னும் எத்தனை வருடம் அந்த நாற்காலியில் இருப்பார்? ஆள் மாறினால் புதியவர் புதுத் திட்டத்தோடு வருவார். கோச்சோ மறுபடி முதல் அட்டவணையிலிருந்து ஆரம்பிப்பார். மரியா அதற்குள் இரண்டு பருவம் இழந்திருப்பாள்.