மறதிநோயாளருக்கான ‘ஒரு பக்கக் குறிப்பு’: நீண்டநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் முதியவர்களைப் பார்த்துக்கொள்வோரில் பலருக்குச் சிங்களம் மட்டுமே தெரியும். மறதிநோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற சிங்களமும் ஆங்கிலமும் முதலில் நழுவித் தாய்மொழி மிஞ்சுவது அடிக்கடி நடக்கிறது. ஒருவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரே தாளில் சொல்லும் ‘ஒரு பக்கக் குறிப்பு’ அதிகம் கைகொடுப்பது இங்கேதான்.

ஒரு ஏ4 தாள், மூன்று பகுதிகள்: இவரிடம் பிறர் மெச்சுவது, இவருக்கு முக்கியமானவை, எப்படி உதவவேண்டும். முதல் பகுதிக்கு நாலு வரி போதும். மூன்றாவதில்தான் உழைப்பு. ‘அன்பாகப் பழகவும்’ என்பதை வைத்துப் புதிய பராமரிப்பாளர் எதையும் செய்ய முடியாது. ‘ரீச்சர் என்று கூப்பிடவும், ஆச்சி என்றால் கோபம் வரும். வெள்ளிக்கிழமை தோய்வார், முதலில் காலில் இளஞ்சூட்டு நீர், தலைக்குக் கடைசியில். தேத்தண்ணி அரைக்கோப்பை, கைபிடி வலப்பக்கம்’ என்று எழுதினால் செய்யலாம்.

பின்பக்கத்தில் பத்துத் தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில், பொருளோடு எழுதுங்கள்: தண்ணி, பசிக்குது, ஒண்டுக்கு, குளிருது, நோகுது. இதில் ‘நோகுது’ விடுபடவே கூடாது. நோகிறது என்று சொல்லியும் பராமரிப்பாளருக்கு விளங்காவிட்டால் முதியவர் கத்துவார், கையைத் தட்டிவிடுவார். அது ‘குழப்படி’ என்று பதிவாகி, அமைதிப்படுத்தும் மாத்திரை வரை போகும். பல்வலியோ மலச்சிக்கலோ அப்படியே இருக்கும்.

நிரப்புவதற்குக் காலைவேளை நல்லது. அந்தியில் பலருக்குத் தடுமாற்றம் கூடும். 20 நிமிடமாக மூன்று நாள், ஒரு தடவைக்கு ஒரு கேள்வி. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் தொலைபேசியில் மட்டும் கேட்டு நிரப்பிய தாள்கள் பெரும்பாலும் பழைய விருப்பங்களையே சொல்கின்றன. அவரிடமே இரண்டு பொருளைக் காட்டிக் கேளுங்கள்; கை எதற்கு நீள்கிறது என்பதும் பதில்தான்.

ஆளை மையமாக வைத்துப் பராமரிப்பைத் திட்டமிடும் முறையை வளர்த்தவர்களில் ஒருவரான அமெரிக்கர் மைக்கேல் ஸ்மல் வலியுறுத்திய ஒரு பிரிப்பு இங்கே பெரிதும் உதவும்: முதியவர் முக்கியமென்று நினைப்பது வேறு, அவர் நலனுக்கு முக்கியமானது வேறு. நீரிழிவுக்காரரின் இனிப்புத் தேத்தண்ணியை ஒரேயடியாக நிறுத்துவதும் பிழை, கேட்டபோதெல்லாம் கொடுப்பதும் பிழை. இரண்டையும் அருகருகே எழுதி, நாளுக்கு எத்தனை கோப்பை, எவ்வளவு சீனி என்பதை வைத்தியரோடு பேசி முடிவெடுங்கள்.

தாள் அலுவலகக் கோப்புக்குள் போனால் பயனில்லை. வாசலில் ஒட்டினால் வருபவர் எல்லோரும் வாசிப்பார்கள். அலுமாரிக் கதவின் உட்புறம் சரியான இடம். மருந்துப் பட்டியலை இதில் சேர்க்கவேண்டாம், அது அடிக்கடி மாறும். லமினேட் செய்வதும் வேண்டாம். பராமரிப்பாளர் பேனாவால் திருத்த முடியவேண்டும். முதல் மாத முடிவிலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பாருங்கள். விழுந்தாலோ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாலோ அன்றைக்கே.